இலைக்குப் போகிற உரம்

செடி பச்சையாக இருந்தால் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. உரக்கடையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கண்டது இதுதான். காய் பிடிக்கவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் குறைவு. இலை வெளுத்துப் போச்சு என்றுதான் வருவார்கள். யூரியாவை எடுத்துக் கொடுப்போம். ஒரு வாரத்துக்குள் இலை கரும்பச்சை ஆகிவிடும். அடுத்த முறை வரும்போது நமக்குக் கும்பிடு போடுவார்கள்.

தோட்டத்துக்கு என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி சார். போன தடவை கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தபோதே கேட்பீர்கள் என்று நினைத்தேன். சுகாதாரத் துறைக்காரர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள், மண்ணைப் பார்க்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன்.

சொல்கிறேன். கதவைச் சாத்த வேண்டாம். என் தங்கை பின்னால் துணி துவைக்கிறாள். கல்லில் அடிக்கிற சத்தம் கேட்கிற வரை நாம் பேசுவது அவளுக்குக் கேட்காது. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். பெரியவர்களுக்கு இந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாது.

காய்கறித் தோட்டத்துக்கு உரம் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை இல்லை. அடியில் மக்கிய எரு. செடி வேர் பிடிக்கிற நேரத்தில் கொஞ்சம் தழைச்சத்து. மொட்டு வைத்ததும் தழைச்சத்தை நிறுத்திவிட்டுச் சாம்பல் சத்து. புண்ணாக்கு மெதுவாகக் கொடுக்கும், யூரியா ஒரே மூச்சில் கொடுக்கும். தழைச்சத்து தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருந்தால் செடிக்குக் காய்க்கிற யோசனை வராது. இலை விடும், தண்டு விடும், மறுபடி இலை விடும். கீரை போடுகிறவருக்கு அது வரம். தக்காளி போடுகிறவருக்கு அது வெறும் புதர். கடையில் யார் கேட்டாலும் இதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த விஷயத்தில் என்மேல் ஒரு சொல் வந்ததில்லை.

என் மனைவி இறந்த பிறகு இந்த வீட்டில் நான் மட்டும்தான். குழந்தை இல்லை. கடை விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் என் தங்கை வந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் மகள். அவள் கணவர் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணே" என்றாள். பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். மறுநாள் கடையிலிருந்து வரும்போது ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. தெருமுனையிலேயே நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். உங்கள் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். உங்களுக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

அவள் ரோஷக்காரி. உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றாள். கிணற்றடியில் சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தினாள். தெருக்கோடியில் தொழிற்சாலை கேன்டீன் நடத்துகிறவர் அவளிடம் ஒரு பேச்சுச் சொல்லியிருந்தார். கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு அறை காலியாக இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஒரு பருவம் தவறாமல் கொடுத்துக் காட்டினால் அந்த அறைகளில் குடியிருக்கலாம். காய்தான் வாடகை.

"நாலு சுவரு நமக்குன்னு இருந்தா போதும் அண்ணே. இவளை நான் கரையேத்திடுவேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "என்ன உரம் போடணும்? நீ சொல்றதுதான்."

முதல் வருஷம் நடந்ததில் என் தப்பு கிடையாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மழை விடாமல் பெய்து இலை வெளுத்துவிட்டது. யூரியா கொண்டுவந்து கொடுத்தேன். அளவு கொஞ்சம் கூடிவிட்டது. செடிகள் மார்பு உயரத்துக்கு வந்தன. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏம்மா, உள்ள யாராவது தொலைஞ்சு போயிட்டா போலீஸ் நாய் விட்டுத்தான் தேடணும் போல" என்றாள். பூத்தது கொஞ்சம். அதுவும் உதிர்ந்தது. கேன்டீன்காரர் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா, இலையை வெச்சு நான் என்ன சட்னியா அரைக்கிறது? சாப்பிட வர்றவன் என்னைத்தான் அரைப்பான்."

தங்கையும் சேர்ந்து சிரித்தாள். அவர் போன பிறகு உள்ளே வந்து தகரப் பெட்டியைத் திறந்தாள். முன்கூட்டியே துணிகளை அடுக்கி வைத்திருந்தாள் போல. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் திரும்பப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். எனக்கு ஏதோ புரிந்தது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நான் தெரிந்தே யூரியா வாங்கினேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மொட்டு வந்தா நிறுத்திரணும்னு சொல்றாங்களே அண்ணே."

"யாரு?"

"தையல்காரம்மாதான்."

"தையல் கடையில உரமும் விக்கிறாங்களா இப்ப?"

அவள் சிரித்துவிட்டு, போடச் சொன்னதைப் போட்டாள். செடிகள் அழகாக இருந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். காய் எண்ணிப் பார்க்கிற அளவுக்குக்கூட இல்லை.

பிறகு அவளே அளவைக் குறைத்துப் பார்த்தாள். ஒரு பருவம் எருவை மட்டும் போட்டாள். அவள் கடைத்தெருவுக்குப் போகிற நேரமாகப் பார்த்து நான் தொட்டியில் யூரியாவைக் கரைத்து வாய்க்காலில் விட்டேன். தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். நிறம் கிடையாது. வாசனை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

வருஷங்கள் போயின. "என் கைக்கு ராசியில்ல அண்ணே" என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் விளையாட்டாகச் சொன்னாள். பிறகு அப்படிச் சொல்லாமல் ஒரு வேலையும் தொடங்குவதில்லை. மகளுக்குத் தலை பின்னுகிறபோது, பரீட்சைக்கு முந்தின நாள் என்றால், தையல்காரம்மாவைக் கூப்பிட்டுப் பின்னச் சொன்னாள். நான் ஆறுதல் சொல்வேன். "ராசியாவது ஒண்ணாவது. மண்ணு அப்படிம்மா" என்பேன். சந்தையில் நல்ல தக்காளியாகப் பார்த்து வாங்கி வருவேன். அவள்மேல் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. நீங்கள் அவளையே கேட்கலாம்.

ஒரு பருவம் என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தாள். பாத்தி முழுக்கக் கீரை விதைத்துவிட்டாள். இத்தனை வருஷம் நான் அந்த மண்ணுக்குள் போட்டது எல்லாம் கீரைக்குத்தானே வேண்டும். எழும்பி நின்றது. அப்படி ஒரு கீரையை நான் பார்த்ததில்லை. கேன்டீன்காரர் ஒரு கட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "இதை முதல்லயே போட்டிருந்தா இந்நேரம் நீங்க எனக்குச் சம்பளம் குடுத்திருப்பீங்களே" என்றார். மாதம் பிறந்ததும் சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். என் தங்கை அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பனி இறங்கிய ஒரு காலையில், இலைகள் ஈரமாக இருந்தபோது, யூரியாக் குருணையைக் கைப்பிடியாக அள்ளி மேலே தூவினேன். வெயில் ஏறியதும் இலைகள் ஓரத்திலிருந்து கருகின. நோய் என்றேன். பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவும், பிடுங்கி எரித்துவிடு என்றேன். அவளே பிடுங்கினாள். அவளே எரித்தாள். அழவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, துண்டு கொடுத்தேன்.

அந்த அறைகளை ஒரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போவதைப் பற்றிப் பேசவில்லை. இருந்தும் தோட்டத்தை விடவில்லை. வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் உரத்தை விடவில்லை. நிறுத்தினால் காய்த்துவிடும்.

இங்கே மணல் மண். செடி எடுத்துக்கொண்டது போக மீதி கீழே இறங்கும். கிணறு பாத்திக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது, பார்த்தீர்களே. எனக்கு இது தெரியாது என்று சொன்னால் அது பொய். உரக் கம்பெனியிலிருந்து ஒருவர் எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தார். அதிகமாக உரம் போட்ட நிலத்துக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, ரத்தம் மூச்சைச் சுமக்கிற சக்தியை இழந்துவிடும், குழந்தை நீலம் பாரித்துப் போகும் என்றார். கொதிக்க வைத்தாலும் பயனில்லை, தண்ணீர் வற்ற வற்ற அதில் கரைந்த உர உப்பு இன்னும் கூடும் என்றார். பின்வரிசையில் இருந்த ஒருவர், "நமக்கென்ன சார், நாம டீதானே குடிக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

தங்கை மகள் வளர்ந்தாள். துணிக்கடையில் கேஷியர் வேலை, கல்யாணம், வேறு ஊர். அவள் கணவருக்கு லாரி ஓட்டுகிற வேலை, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பிரசவம் ஆபரேஷனாகிப் புண்ணில் சீழ் வைத்துவிட்டது. மருந்து மேல் மருந்து. தாய்ப்பால் வற்றிப் போயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். பால் பவுடர் டப்பாக்களும் வந்தன.

ஆண் குழந்தை. முதலாளி என்று கூப்பிட்டோம். அவன் ஒரு சத்தம் கொடுத்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் கை கட்டி நிற்க வேண்டும். நானும் தூக்கி வைத்துக்கொள்வேன். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டால் விட மாட்டான்.

அவன் வந்த அன்றைக்கே நான் கடைக்குப் போய்க் கேன் தண்ணீர் வாங்கி வந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்குச் சிரிப்பு. "ஏண்ணே, நாங்கல்லாம் இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சுத்தானே இருக்கோம்?"

"பிஞ்சு வயிறும்மா. ஒத்துக்காது."

"பாத்தியாம்மா, மாமாவுக்குத்தான் எவ்வளவு அக்கறை" என்றாள் அவள் மகள். அக்கறைதான். கேன் தீரத் தீர நானே தூக்கிக்கொண்டு போய் வாங்கி வந்தேன். இந்த வயதில் அது லேசில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்: "அம்மா, நீயும் எங்கூட வந்துரு. நான் வேலைக்குத் திரும்பணும். இவனை யாருகிட்ட விடறது? அங்க தோட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இவன் பின்னால ஓடுறதே உனக்கு வேலை."

"அண்ணன் தனியா இருப்பாரே."

"மாமா வந்து வந்து பாத்துட்டுப் போகட்டும். என்ன மாமா?"

நான் தலையை ஆட்டினேன். தங்கை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். குனிந்தாலும் முகம் தெரிந்தது. பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்த அன்றைக்கு இருந்த முகம். மறுநாள் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். தொட்டால் கெட்டுவிடும் என்று எதையும் தொடத் தயங்குகிறவள் அந்தக் குழந்தையை மட்டும் பயமில்லாமல் தூக்குவாள். "இவன் ஒருத்தன்தான் அண்ணே என் கைக்கு அடங்குறான்" என்பாள்.

கேன் தீர்ந்தது. காலிக் கேனோடு கடை வரை போனேன். கடை திறந்திருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து நிறைந்த கேன் ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்தார். நான் நின்றேன். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பி வந்தேன்.

"கடை மூடியிருக்கு" என்றேன்.

"பரவால்ல அண்ணே. நான் நல்லா கொதிக்க வெச்சுக்கிறேன்."

நன்றாகக் கொதிக்க வைத்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். பாத்திரத்தில் பாதி ஆகிற வரை அடுப்பில் வைத்திருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னண்ணே, டீ வேணுமா?" என்றாள். வேண்டும் என்றேன்.

என்னை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. குழந்தைக்கு எதுவும் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் வாடினால் போதும். சீக்காக இருக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் பயணம் போக மாட்டார்கள். டாக்டரே வேண்டாம் என்பார். நான் கணக்கிட்டது அவ்வளவுதான். புதிதாக ஒன்றும் செய்யவுமில்லை. ஒரு கடையில் ஒரு பொருளை வாங்காமல் வந்தேன். வாங்காமல் வருவது எந்த ஊரிலும் குற்றம் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

கொஞ்ச நாளில் தங்கை குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கி வந்தாள். "அண்ணே, முதலாளி உதட்டைப் பாரேன். மை தடவின மாதிரி இருக்கு."

"குளிரும்மா."

"குளிரா? எனக்கு வேர்க்குது."

"குழந்தைக்கு வேற, நமக்கு வேற."

அவள் நம்பினாள். போர்வையைக் கூடுதலாகச் சுற்றினாள். அவன் முன்போலச் சத்தம் கொடுப்பதில்லை. என் பொத்தானைப் பிடித்தால் இழுப்பதற்குள் கை நழுவியது. மகள் டாக்டரிடம் காட்டினாள். இந்தத் தெருமுனை டாக்டர் சளி மருந்து கொடுத்தார். பயணத்தைத் தள்ளிப் போட்டார்கள்.

அப்போது நான் கேன் வாங்கியிருக்கலாம். அதைத்தான் கேட்க வருகிறீர்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. காலிக் கேனைக் கழுவிக்கூட வைத்தேன். ஆனால் பயணம் தள்ளித்தான் போயிருந்தது. நின்றுவிடவில்லை.

நாற்றுக்கு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு எவ்வளவு தாங்கும் என்று அந்த வகுப்பில் சொல்லித்தரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது நேரமாகிவிட்டது. ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்ததாக நர்ஸ் சொன்னாளாம். அதைக் கேட்டுத்தான் டாக்டர் எந்தத் தண்ணீரில் பால் கரைத்தீர்கள் என்று விசாரித்திருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் என்று என் தங்கைதான் சொன்னாள். நல்லா கொதிக்க வெச்சேன் டாக்டர், என் கையாலேயே வெச்சேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு மகள் இந்த அறையில்தான் நின்றாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். "உன் கை பட்டு எதும்மா உருப்பட்டிருக்கு? செடி பிழைச்சுதா, கொடி பிழைச்சுதா? தெரிஞ்சும் உங்கிட்டக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள். அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குறுக்கே போய், "பெத்தவளை அப்படிப் பேசாதம்மா" என்றேன். யாராவது சொல்ல வேண்டுமல்லவா. மகள் போய்விட்டாள். போனும் எடுப்பதில்லை.

இப்போது என் தங்கை சாதத்துக்கு உப்புப் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிடுகிறாள். "போடட்டுமா அண்ணே?" என்கிறாள். போடு என்று நான் சொன்ன பிறகுதான் போடுகிறாள். சில நாள் உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நிற்கிறாள். நான் வாங்கிப் போடுகிறேன். தோட்டத்துப் பக்கம் போவதில்லை. பார்க்க மனசு கேட்கவில்லை சார். என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்டதும் சொல்லிவிட்டேன்.

உரத்தை நிறுத்திவிட்டேன். இனித் தேவையில்லை. மிளகாய் பூத்திருக்கிறது. இரண்டு செடியில் பிஞ்சு விட்டிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

எழுந்துவிட்டீர்கள். அவளிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்கிறீர்கள். துவைக்கிற சத்தமும் நின்றுவிட்டது, வந்துவிடுவாள். கிணறு கெட்டுப் போய்விட்டது என்று மட்டும் சொல்லுங்கள். எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டாம். தாங்க மாட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றால் முதலில் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். விட மாட்டாள் சார். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.